எந்தப் பிரவுசரிலும் திறக்கும் தளம்: மட்டக்களப்பு, அம்பாறையில் இணையத்தளம் செய்வோரும் செய்விப்போரும் கேட்கும் கேள்விகள்

பாடசாலை, கோயில், பள்ளிவாசல், மீனவர் சங்கம், மருதமுனைக் கைத்தறிக் கடை, அறுகம்குடாவில் தங்குமிடம் என்று இரண்டு மாவட்டங்களிலும் சிறிய தளங்கள் பெருகிவருகின்றன. அவற்றைத் திறக்க முடியாமல் திரும்பிப் போகிறவர்கள் முறைப்பாடு செய்வதில்லை, பேசாமல் போய்விடுகிறார்கள். அவர்களை மனதில் வைத்தே இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

எங்கள் தளம் குரோமில் நன்றாக வேலை செய்கிறது. எல்லாரிடமும் குரோம்தானே இருக்கிறது, இது போதாதா?

போதாது. குரோம் என்ற பெயர் ஒன்றுதான், ஆனால் ஆளுக்காள் வைத்திருப்பது வேறு வேறு குரோம். அன்ட்ரொய்ட் 6 உள்ள போனில் அது 106ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அன்ட்ரொய்ட் 7இல் 119ஓடு நின்றது. கொமினிகேஷன் கடையில் இன்னும் விண்டோஸ் 7 ஓடும் கணினி இருந்தால் அதில் 109க்கு மேல் ஏறாது. போன் புதிதாக இருந்தும் 16 ஜிபி இடம் படங்களால் நிரம்பி, பிளே ஸ்டோர் புதுப்பிப்பு மாதக்கணக்கில் இறங்காமல் கிடப்பதும் உண்டு.

ஐபோனில் கதை வேறு. நம் நாட்டில் ஐபோனில் குரோம், பயர்பாக்ஸ் எதை நிறுவினாலும் உள்ளே பக்கத்தை வரைந்து காட்டுவது அப்பிளின் வெப்கிட் இயந்திரம்தான். ஐபோன் 6 ஐஓஎஸ் 12க்கு மேல் போகாது. அதில் எந்தப் பிரவுசரைப் போட்டாலும் 2018ஆம் ஆண்டு இயந்திரமே கிடைக்கும். கட்டாரிலிருந்து மகன் கொண்டுவந்து தான் பாவித்து, பிறகு தம்பிக்கும், அதன் பிறகு அம்மாவுக்கும் போன போனில்தான் பாடசாலை அறிவித்தல் திறக்கப்படுகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

"இத்தளத்தைக் குரோமில் பார்க்கவும்" என்று மேலே ஒரு வரி போட்டுவிட்டால்?

போடாதீர்கள். 1990களின் இறுதியில் நெட்ஸ்கேப்பும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் மோதிக்கொண்ட காலத்தில் தளந்தோறும் இப்படி ஒரு வரி இருந்தது. எக்ஸ்புளோரருக்காகவே எழுதிய தளங்கள் பிறகு உடைந்தன. அந்தப் பிரவுசரின் 11ஆம் பதிப்புக்கான ஆதரவும் விண்டோஸ் 10இல் 2022 யூனில் நிறுத்தப்பட்டது.

பிரவுசரைத் தேர்ந்தெடுப்பது வாசகரின் உரிமை, அதற்குக் காரணங்களும் இருக்கின்றன. டேட்டா மிச்சம் பிடிக்க ஒருவர் ஒபேரா மினி வைத்திருக்கிறார். பார்வை இல்லாத ஒருவர், திரையிலுள்ளதைக் குரலில் வாசிக்கும் திரைவாசிப்பானோடு ஒத்துப்போவதை வைத்திருக்கிறார். அலுவலகக் கணினியில் எதையும் நிறுவ அனுமதி இல்லை. தளத்துக்கு வந்தவரிடம் "வேறு பிரவுசர் கொண்டு வா" என்பது, கடைக்கு வந்தவரிடம் வேறு செருப்புப் போட்டு வரச் சொல்வது போன்றது.

பிரவுசரின் பெயரைப் படித்துப் பார்த்துக் கதவடைக்கும் நிரலும் அதே தவறுதான். ஏறக்குறைய எல்லாப் பிரவுசரும் தன்னை "மொசில்லா 5.0" என்றே அறிமுகப்படுத்துகிறது, அந்தப் பெயர் வரியை நம்ப முடியாது. ஒபேரா 10 வந்தபோது பதிப்பு எண்ணின் முதல் இலக்கத்தை மட்டும் படித்த தளங்கள் அதை 1 என்று எண்ணித் தடுத்தன. அதனால் ஒபேரா தன்னை 9.80 என்றே சொல்லிக்கொள்ள வேண்டியதாயிற்று. பெயரைக் கேட்காமல் வசதியைக் கேளுங்கள்: பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சி.எஸ்.எஸ்.இல் "சப்போர்ட்ஸ்" நிபந்தனை, பக்கத்தை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் அந்த வசதி இருக்கிறதா என்ற ஒரு வரிச் சோதனை.

அப்படியானால் எல்லாப் பிரவுசரிலும் ஒரே மாதிரித் தெரிய வேண்டுமா?

தேவையில்லை. ஒரே மாதிரித் தெரியவைக்க முயல்வதில்தான் காசும் நேரமும் வீணாகின்றன. எழுத்து வாசிக்கப்பட வேண்டும், இணைப்பு போக வேண்டும், படிவம் சேர வேண்டும். இந்த மூன்றும் எங்கும் தவறக்கூடாது. நிரைகள், நிறம், வளைந்த மூலை, அசைவு எல்லாம் இயன்ற இடத்தில் வரட்டும்.

வேலையின் ஒழுங்கு இதுதான். முதலில் பக்கத்தின் உள்ளடக்கத்தைக் குறிக்கும் வெறும் எச்.டி.எம்.எல்.: தலைப்புக்குத் தலைப்பு டேக், பட்டியலுக்குப் பட்டியல் டேக், பொத்தானுக்குப் பொத்தான் டேக். சி.எஸ்.எஸ். இல்லாமல் அந்தப் பக்கத்தைத் திறந்து மேலிருந்து கீழ் வாசியுங்கள். பொருள் விளங்கினால் அதன் மேல் சி.எஸ்.எஸ். போடுங்கள், ஜாவாஸ்கிரிப்ட் கடைசியில். புதிய வசதி ஒன்றைப் பாவிக்கலாமா என்று பார்க்க "பேஸ்லைன்" குறியீடு உதவும். முக்கியப் பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வந்து 30 மாதம் கழிந்த வசதிக்கே "பரவலாகக் கிடைக்கிறது" என்ற முத்திரை கிடைக்கும். ஒபேரா மினி அந்தக் கணக்கில் இல்லை என்பதை மறக்கவேண்டாம்.

பழைய போனில் பக்கம் வெள்ளையாகவே நிற்கிறது. ஏன்?

பெரும்பாலும் காரணம் ஜாவாஸ்கிரிப்ட். பிரவுசருக்கு விளங்காத சி.எஸ்.எஸ். வரியை அது தாண்டிப் போய்விடும். ஜாவாஸ்கிரிப்டில் விளங்காத குறி ஒன்று வந்தால் அந்தக் கோப்பு முழுவதும் ஓடாது. கேள்விக்குறியும் புள்ளியும் சேர்ந்த "?." என்ற குறியை எடுத்துக்கொள்ளுங்கள். குரோம் 80, சபாரி 13.1 முதல்தான் அது விளங்கும். மேலே சொன்ன ஐபோன் 6இல் அந்த இரண்டு எழுத்து போதும், ஆயிரம் வரி நிரலும் படுத்துவிடும். பக்கத்தின் எழுத்தே ஜாவாஸ்கிரிப்டால் வரையப்படுகிறது என்றால் மிஞ்சுவது வெள்ளைத் திரைதான்.

தீர்வு இரண்டு. எழுத்தைத் தளம் இருக்கும் கணினியான சேவையகத்திலிருந்தே எச்.டி.எம்.எல்.ஆக அனுப்புங்கள். நிரலைப் பேபல் போன்ற கருவியால் பழைய வடிவத்துக்கு மாற்றி ஏற்றுங்கள்.

ஒபேரா மினியின் மிகுசேமிப்பு முறையில் ஜாவாஸ்கிரிப்ட் போனில் ஓடுவதே இல்லை. ஒபேராவின் சேவையகத்தில் சிறிது நேரம் ஓடி நின்றுவிடும். முடிந்த பக்கத்தைச் சுருக்கி அனுப்புவார்கள். விரலால் தட்டியதும் விரியும் மெனு அங்கே விரியாமல் போகலாம். மெனுப் பொத்தானைப் பக்கத்தின் அடியில் உள்ள இணைப்புப் பட்டியலுக்கு ஒரு சாதாரண இணைப்பாக வைத்துவிட்டு, ஜாவாஸ்கிரிப்ட் ஓடும் இடத்தில் மட்டும் அதை விரியும் மெனுவாக மாற்றுங்கள்.

சி.எஸ்.எஸ்.இல் அடிக்கடி உடைபவை எவை?

மூன்றைச் சொல்லலாம். நிரையாக அடுக்கும் ஃபிளெக்ஸ் பெட்டிகளுக்கு இடையே "கேப்" கொடுத்தால் சபாரி 14.1க்கு முந்தியவற்றில் பெட்டிகள் ஒட்டிக்கொள்ளும். மார்ஜின் கொடுத்தால் எங்கும் இடைவெளி வரும். உயரத்தைத் திரை முழுவதும் என்ற பொருளில் 100 வி.எச். என்று வைத்தால் போனில் முகவரிப் பட்டை மேலே நிற்கும்போது அடியிலுள்ள "அனுப்பு" பொத்தான் திரைக்குக் கீழே போய்விடும். முதல் வரியில் 100 வி.எச்., அடுத்த வரியில் முகவரிப் பட்டையைக் கழித்து அளக்கும் 100 டி.வி.எச். என்று எழுதுங்கள், பழையது முதல் வரியை எடுக்கும், புதியது இரண்டாவதை எடுக்கும். மூன்றாவது, "ஹேஸ்" போன்ற புதிய தெரிவியை, அதாவது எந்தப் பகுதிக்கு இந்தக் கட்டளை என்று சொல்லும் குறியை, கமா போட்டு மற்றவற்றோடு ஒரே பட்டியலில் சேர்ப்பது. ஒன்று விளங்காவிட்டால் பட்டியல் முழுவதையும் பிரவுசர் கைவிட்டுவிடும். தனித்தனியாக எழுதுங்கள்.

"உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று சிலருக்கு மட்டும் வருகிறது.

முதலில் அந்தப் போனின் திகதியைப் பாருங்கள். பற்றரி முழுதாக இறங்கி எழுந்த போனில் திகதி பின்னால் போய்விடுவது சாதாரணம். தளம் உண்மையானது என்று காட்டும் சான்றிதழ் "இன்னும் தொடங்கவில்லை" என்று அது நினைக்கும்.

திகதி சரியென்றால் அன்ட்ரொய்ட் பதிப்பைப் பாருங்கள். இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழின் வேரை, அதாவது அதற்கு அடிப்படையான சான்றிதழை, அன்ட்ரொய்ட் 7.1.1 முதலே போன் தானாக நம்பும். அதற்கு முந்திய போன்களுக்காக வைத்திருந்த, வேறொரு பழைய வேரின் குறுக்கு ஒப்பம் 2024இல் முடிந்துவிட்டது. அந்தப் போன்காரருக்கு உடனடி வழி, அந்தப் போனுக்குக் கிடைக்கும் பயர்பாக்ஸ் பதிப்பு. அது போனின் பட்டியலை நம்பாமல் தன் சொந்தச் சான்றிதழ்ப் பட்டியலைச் சுமந்து வருகிறது.

கணினியில் திறந்து, புதிய போன் சிலவற்றில் திறக்காவிட்டால் சேவையகத்தில், வேரையும் உங்கள் சான்றிதழையும் இணைக்கும் இடைநிலைச் சான்றிதழை விட்டுவிட்டிருப்பீர்கள். முழுச் சங்கிலிக் கோப்பை ஏற்றுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் வழமையாகத் தருவது 90 நாள் சான்றிதழ். தானாகப் புதுப்பிக்கும் வேலையை வைக்காவிட்டால் ஒரு நாள் எல்லாருக்கும் மூடிவிடும்.

தமிழ் எழுத்துக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து வருகிறது.

அது பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்பு. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத போனில் அடியிலிருக்கும் ஆங்கிலம் வெளியே வந்துவிடும். தேடுபொறிக்கும் அகப்படாது, திரைவாசிப்பானும் உளறும். எழுத்துருவை ஏற்றிச் சமாளிக்கவேண்டாம். எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றும் கருவி ஒன்றில் போட்டு மாற்றி, ஒருமுறை முழுதாக வாசித்துத் திருத்துங்கள்; இடையே வந்த உண்மையான ஆங்கிலச் சொற்களும் தொலைபேசி எண்களுக்கு அருகிலுள்ள குறிகளும் மாறும்போது கெட்டிருக்கும்.

வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் சிக்கல் தரவுத்தளத்தில். அட்டவணை பழைய லத்தீன் குறிமுறையில் இருக்கிறது, தமிழையும் ஏற்கும் யூ.டி.எஃப்-8க்கு மாற்றவேண்டும். ஏற்கனவே கேள்விக்குறியாகச் சேமித்ததை மீட்க முடியாது.

தமிழ் எழுத்தின் தலை வெட்டுப்படுகிறது, சில சொற்கள் திரைக்கு வெளியே போகின்றன.

வார்ப்புருக்கள் ஆங்கிலத்துக்கு அளந்தவை. "கீ"யின் மேல்வளைவு மேலே ஏறும், "கு"வின் சுழி கீழே இறங்கும். வரி உயரத்தை 1.6 முதல் 1.8 வரை வையுங்கள். பொத்தானுக்கும் தலைப்புக்கும் நிலையான உயரம் கொடுக்காமல் உள்ளே பேடிங் (உள் இடைவெளி) கொடுங்கள். எழுத்திடைவெளியைத் தமிழுக்குப் பூச்சியமாக்குங்கள். நீண்ட சொல் 320 பிக்சல் திரையைத் தாண்டாமலிருக்க "ஓவர்புளோ-ராப்" கட்டளையைப் பத்தி எங்கும் போடுங்கள்.

எழுத்துரு வேண்டுமென்றால் நோட்டோ சான்ஸ் தமிழ், சுருக்கிய வோஃப் 2 வடிவில், இரண்டு தடிப்பு மட்டும். "ஸ்வாப்" என்று குறித்தால் எழுத்துரு இறங்கும் வரை போனின் சொந்தத் தமிழில் பக்கம் தெரியும். உண்மையில் இன்றைய போன்களில் உள்ள தமிழ் எழுத்துருவே நன்றாக இருக்கிறது. எதையும் ஏற்றாமல் விடுவது பெரும்பாலான தளங்களுக்குச் சரியான முடிவு.

"கொக்கட்டிச்சோலை" என்று தேடினால் தளத்தில் இருந்தும் கிடைப்பதில்லை.

"கொ"வை இரண்டு விதமாகத் தட்டலாம். ஒற்றைக் குறியாகத் தட்டலாம், அல்லது முன்னே கொம்பும் பின்னே காலும் என்று இரண்டாகத் தட்டலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு. "சோ"வுக்கும் அப்படியே. ஆகவே இந்த ஓர் ஊர்ப் பெயருக்கு நான்கு வடிவம். சேமிக்கும்போதும் தேடும்போதும் எழுத்தை என்.எஃப்.சி. முறையில் ஒருமைப்படுத்துங்கள், ஜாவாஸ்கிரிப்டில் "நோர்மலைஸ்" என்ற ஒரே கட்டளை. கோயில் பெயர்களில் வரும் "ஸ்ரீ" மட்டும் இதில் அடங்காது. அதை ஸகரத்திலும் ஶகரத்திலும் தட்டுகிறார்கள். தேடலுக்கு நீங்களே ஒன்றை மற்றதாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

படிவத்தில் ஆட்கள் அடையாள அட்டை இலக்கத்திலேயே நின்றுவிடுகிறார்கள்.

அந்தப் பெட்டியை "எண்" வகையாக வைத்திருப்பீர்கள். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும், புதியதில் 12 இலக்கமும் இருக்கின்றன. எண் பெட்டி எழுத்தை ஏற்காது. போனில் இலக்கப் பலகை மட்டும் எழுந்தால் அந்த எழுத்தைத் தட்ட வழியே இல்லை. சாதாரண எழுத்துப் பெட்டியாக்கி, பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இடைவெளி எல்லாவற்றையும் ஏற்று, சேவையகத்தில் சுத்தம் செய்யுங்கள்.

தொலைபேசியும் எண் அல்ல. மட்டக்களப்பு 065, அம்பாறை 063, கல்முனை 067 எல்லாம் பூச்சியத்தில் தொடங்குகின்றன. எண்ணாக மாற்றிச் சேமித்தால் பூச்சியம் விழுந்துவிடும். "டெல்" வகை சரி. +94 என்று வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

பெயருக்கு ஒரே பெட்டி. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டைக் கட்டாயமாக்கினால் தகப்பன் பெயரை முன்னெழுத்தாக வைப்பவர் எதை எங்கே போடுவார்? முன்னெழுத்துக்குப் பின் வரும் புள்ளியையும் தமிழ் எழுத்தையும் "செல்லாத குறி" என்று தள்ளும் சோதனைகளை அகற்றுங்கள்.

நீள வரம்பைக் கவனியுங்கள். "மட்டக்களப்பு" நம் கணக்கில் 8 எழுத்து. பிரவுசரின் நீள வரம்புக்கு அது 12, யூ.டி.எஃப்-8இல் 36 பைட். ஆங்கில முகவரிக்குப் போதிய 50 என்ற வரம்பு தமிழில் வீட்டிலக்கமும் வீதியும் எழுதுவதற்குள் முடிந்துவிடும். எஸ்.எம்.எஸ். அனுப்பும் தளமென்றால் தமிழில் ஒரு செய்திக்கு 160 அல்ல, 70 குறிதான். செலவை அதற்கேற்பப் போடுங்கள்.

பேஸ்புக்கில் பகிர்ந்த இணைப்பிலிருந்து வருகிறவர்களுக்குக் கோப்பு ஏறவில்லை, பி.டி.எஃப். இறங்கவில்லை.

அவர்கள் பிரவுசரில் இல்லை, பேஸ்புக்கின் உள்ளே திறந்த ஜன்னலில் இருக்கிறார்கள். மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளியைத் தொட்டு வெளிப் பிரவுசரில் திறக்கலாம். இந்த ஒரு வரியைப் பதிவேற்றும் பொத்தானுக்கு அருகிலேயே எழுதிவையுங்கள். கோப்பு ஏறாவிட்டாலும் படிவத்தின் மற்றப் பகுதிகள் சேமிக்கப்பட்டு, ஆவணத்தைப் பிறகு தர வழி இருக்கட்டும்.

கடைப் படங்கள் இறங்க நேரமெடுக்கிறது.

போனில் எடுத்த படம் ஒன்று 4 எம்பி வரும். இருபது சேலையை அப்படியே ஏற்றினால் பார்ப்பவருக்கு 80 எம்பி டேட்டா போகும். 800 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி ஜேபெக் தரத்தை 75 அளவில் சேமித்தால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 100 கேபி. இருபதும் சேர்ந்து 2 எம்பி. வெப்பி வடிவம் இன்னும் சிறிது, ஆனால் சபாரி 14க்கு முந்தியவை அதைக் காட்டா. "பிக்சர்" டேக்கில் வெப்பியை மேலேயும் ஜேபெக்கைக் கீழேயும் வையுங்கள். அகலம் உயரம் இரண்டையும் குறிக்காவிட்டால் படம் இறங்க இறங்க எழுத்து குதிக்கும், தட்ட நினைத்த இடம் மாறும்.

எழுத்தைப் பெரிதாக்க முடியவில்லை என்று முதியவர்கள் சொல்கிறார்கள்.

பக்கத்தின் தலைப்பகுதியில் திரை அளவைச் சொல்லும் வியூபோர்ட் வரியில் பெரிதாக்குவதைத் தடைசெய்யும் சொற்களை நீக்குங்கள். ஐபோன் ஐஓஎஸ் 10 முதல் அந்தத் தடையை மதிப்பதில்லை. அன்ட்ரொய்ட் குரோம் மதிக்கிறது. வாசகரே அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதிக்குப் போய்க் கட்டாயமாகப் பெரிதாக்கலாம், ஆனால் எத்தனை பேருக்கு அது தெரியும்? எழுத்தளவைப் பிக்சலில் பூட்டாமல் ரெம் அலகில் எழுதினால் அவர் பிரவுசரில் வைத்த அளவு செல்லுபடியாகும். உள்ளீட்டுப் பெட்டியின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோன் தொட்டவுடன் தானாகப் பெரிதாக்கிப் பக்கத்தை ஒருபக்கம் தள்ளும்.

நிறமும் இதோடு சேர்ந்தது. வெள்ளையில் #999 சாம்பல் எழுத்து மதிய வெயிலில் வயல் வரம்பில் நிற்பவருக்குத் தெரியாது. குறைந்தபட்ச மாறுபாடு 4.5க்கு 1, சாம்பலே வேண்டுமென்றால் #767676 அல்லது அதைவிடக் கருமை.

மொழியைத் தளமே கண்டுபிடித்து மாற்றலாமா?

போன் ஆங்கிலத்தில் இருக்கிறது என்பதால் ஆள் ஆங்கிலத்தில் வாசிக்க விரும்புகிறார் என்று ஆகாது. நம் பகுதியில் தமிழ் மட்டும் வாசிப்பவரின் போனும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். மொழித் தெரிவை எல்லாப் பக்கத்தின் மேலும் வையுங்கள், ஒவ்வொரு மொழியின் பெயரையும் அந்த மொழியின் எழுத்திலேயே எழுதுங்கள், கொடி போடவேண்டாம். மாற்றினால் முகப்புக்குத் தள்ளாமல் அதே பக்கத்தின் மறுமொழிக்குப் போகட்டும். தமிழ்ப் பக்கத்தின் மொழிக் குறியைத் தமிழ் என்று மறக்காமல் போடுங்கள். அது இல்லாவிட்டால் திரைவாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் வாசிக்க முயலும்.

பின்னணி இசை, வலது சொடுக்குத் தடை, புதிய ஜன்னல்?

மூன்றும் வேண்டாம். பெட்டிக்குள் பேஸ்ட் செய்வதைத் தடுப்பதும் அப்படியே.

திருவிழா அறிவித்தலைப் படமாகப் போடுகிறோம். பிழையா?

படம் இருக்கட்டும், அதன் கீழே திகதி, நேரம், இடம், தொடர்பிலக்கம் நான்கையும் எழுத்தாகவும் போடுங்கள். படம் இறங்காதவருக்கும் பார்வையில்லாதவருக்கும் தேடுபவருக்கும் அந்த நான்கு வரிதான் அறிவித்தல்.

எதில் எப்படிச் சோதிப்பது?

குரோமின் கருவிப்பெட்டியில் ஐபோன் என்று தெரிவு செய்தால் மாறுவது அளவு, பெயர் வரி போன்ற வெளித்தோற்றம் மட்டும். உள்ளே ஓடுவது குரோமே. உண்மையான போன் வேண்டும். ஒரு பழைய அன்ட்ரொய்ட், ஒரு ஐபோன், ஒபேரா மினி, கொமினிகேஷன் கடைக் கணினி. இந்த நான்கும் இரவல் கேட்டால் கிடைக்கக்கூடியவை.

அன்ட்ரொய்டில் பிழையைக் கண்டுபிடிக்க: அமைப்புகளில் பில்ட் இலக்கத்தை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் பகுதி திறக்கும், அதில் யூ.எஸ்.பி. பிழைதிருத்தத்தை இயக்கி, கேபிளால் கணினியோடு இணைத்து, கணினிக் குரோமின் இன்ஸ்பெக்ட் பக்கத்தை (chrome://inspect) திறந்தால் போனிலுள்ள பிழைச் செய்திகள் வரிவரியாகத் தெரியும். வெள்ளைத் திரையின் காரணம் முதல் சிவப்பு வரியில் இருக்கும்.

பிறகு கணினியில் ஐந்து சோதனை: அகலம் 320 பிக்சல், பெரிதாக்கல் 200 வீதம், ஜாவாஸ்கிரிப்ட் அணைத்து, வலையமைப்பை மெதுவான 3ஜிக்குக் குறைத்து, மவுஸைத் தொடாமல் டாப் விசையால் மட்டும் படிவத்தை முடித்து. டாப் அழுத்தும்போது எங்கே நிற்கிறோம் என்று தெரியவில்லையா? யாரோ வெளிக்கோட்டை அழகுக்காக அழித்திருக்கிறார்கள், திருப்பிப் போடுங்கள்.

தளம் செய்து தருபவரிடம் என்ன எழுதி வாங்கவேண்டும்?

எந்தெந்தப் போனில், எந்தப் பதிப்பில் சோதித்தார் என்ற பட்டியல். ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலும் அறிவித்தல் வாசிக்கலாம், படிவம் அனுப்பலாம் என்ற உறுதி. முகப்புப் பக்கம் படங்களோடு 1 எம்பிக்குள். சான்றிதழ் யார் பெயரில், எப்படித் தானாகப் புதுப்பிக்கப்படுகிறது என்ற விபரம். டொமைனும் ஹோஸ்டிங் கடவுச்சொல்லும் உங்கள் கையில். மீதிக் காசைக் கொடுக்கும் முன் உங்கள் வீட்டிலுள்ள மிகப் பழைய போனை எடுத்து, வை-ஃபையை அணைத்து, டேட்டாவில் ஒரு படிவத்தை முதலிலிருந்து கடைசிவரை நீங்களே நிரப்பி அனுப்பிப் பாருங்கள்.